நிலத்துக்குக் கீழே நான் வரைந்த இரண்டு தளங்கள்

ஒரு வங்கியின் வட மாகாணத் தலைமையகத்தை யாழ்ப்பாண நகரத்தில் கட்டும் பொறுப்பு எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. கொழும்பில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் ஆறாவது ஆண்டாக வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே கட்டடத்தை வரைவதிலும் பங்கு கிடைத்தது, கட்டும்போது அந்த இடத்திலேயே நின்று மேற்பார்வை செய்யும் வேலையும் என் தலையில் வந்தது. நான் மறுக்கவில்லை. வல்வெட்டித்துறையில் அம்மாவோடு வீட்டில் தங்கி, காலையில் பஸ் பிடித்து நகரத்துக்குப் போய்வரலாம் என்பது ஒரு காரணம். அந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு வந்திருந்த ஆசை மற்றக் காரணம்.

பதினொரு தட்டு. கொழும்பில் பதினொரு மாடியை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில், பனைகளும் கோபுரங்களும் தொலைபேசிக் கம்பங்களும் மட்டும் உயர்ந்து நிற்கும் ஊரில், பதினொரு தட்டு என்பது வானத்தை முட்டுகிற சங்கதிதான். "எத்தினை தட்டு?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டபோது சொன்னேன். "விழாமல் கட்டுங்கோ" என்றார்.

எங்கள் தலைமைக் கட்டடக் கலைஞரை எல்லோரும் 'சேர்' என்றுதான் அழைப்போம். அறுபதைத் தாண்டியவர். தமிழ் தெரியாது, எங்களோடு ஆங்கிலத்தில் கதைப்பார். கட்டடத்தில் அலங்காரம் என்ற பேச்சே அவரிடம் எடுபடாது. தூண் பாரத்தைத் தாங்குகிறதென்றால் தாங்குவது தெரிய வேண்டும். கொங்கிறீற்றில் கட்டினால் கொங்கிறீற் தெரிய வேண்டும். சாந்து பூசி, வர்ணம் அடித்து, கண்ணாடி ஒட்டி மறைப்பது அவருக்குப் பொய் சொல்வது போல. அவர் போட்ட முதல் கோடுகள் மிகவும் எளிமையானவை: நேரான ஒரு பெட்டி, ஒரே அளவான கட்டங்கள், நடுவில் லிஃப்ற்றும் படிக்கட்டும் அடங்கிய ஒரு தண்டு. மேற்கு முகப்பைக் கவனிக்கும் வேலையை என்னிடம் தந்தார். சித்திரை மாதத்துப் பின்னேர வெயில் யாழ்ப்பாணத்தில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். யன்னல்களுக்கு வெளியே, ஒரு முழுக் கை நீளத்துக்குத் துருத்தி நிற்கும் செங்குத்தான கொங்கிறீற் தகடுகளை வரிசையாக நிறுத்தினேன். வெயிலின் சாய்வைக் கணித்து, ஒவ்வொரு தகட்டையும் சிறிது வடக்கே திருப்பினேன். பலகை அடித்து வார்க்கும்போது விழும் மரக்கோடுகள் அப்படியே தெரியும்படி விட்டோம். மாதிரியைச் செய்து மேசையில் வைத்தபோது சேர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "இது நிற்கும்" என்றார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு நான் கேட்டதில்லை.

நிலக்கீழ்த் தளங்களையும் நானே வரைந்தேன். மேலே இருப்பது வாகனங்களுக்கு, கீழே இருப்பது பாதுகாப்புப் பெட்டக அறைக்கு. மண் ஆய்வு அறிக்கையில் ஒரு வரி இருந்தது: நிலத்தடி நீர் உயர்ந்த மட்டத்தில் இருக்கிறது, தொடர்ந்து இறைத்துச் சமாளிக்கலாம் என்று. அதை வாசித்தேன். வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். பிறந்த நாளிலிருந்து கிணற்றுத் தண்ணீரில் குளித்து, கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான். கடல் எங்கள் வீட்டு வாசல் படலையிலிருந்து கூப்பிடு தூரம். அப்படியிருந்தும் அந்த வரியில் என் கண் நிற்கவில்லை. இதை எந்த இடத்திலும் நான் மறைத்ததில்லை, இங்கேயும் மறைக்கப் போவதில்லை.

ஆனி மாதத்தில் தோண்டத் தொடங்கினார்கள். மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். பாறை உடைக்கும் இயந்திரத்தின் சத்தத்தில் தெருவில் போகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு போனார்கள். இரண்டு ஆள் உயரம் இறங்கியதும் பாறை வெடிப்புகளிலிருந்து தண்ணீர் வந்தது. பளிங்குத் தண்ணீர். கட்டட வேலையை ஒப்பந்தம் எடுத்திருந்த கொந்தராத்துக்காரர் நான்கு பெரிய பம்புகளை இறக்கினார். தண்ணீர் தடித்த குழாய்கள் வழியாக வீதியோர வாய்க்காலுக்குப் போய், அங்கிருந்து கடல்நீரேரிக்குப் போனது. பம்புகளை நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் குழி முழங்கால் அளவுக்கு நிரம்பிவிடும். ஆகவே அவை நிற்காமல் ஓடின. முதல் வாரத்தில் தெருவில் இருந்தவர்கள் தண்ணீர்க் கான்களோடு வந்து குழாய் வாயில் தண்ணீர் பிடித்துப் போனதும், நான் அதைப் படம் எடுத்துச் சேருக்கு அனுப்பியதும் நினைவிருக்கிறது. 'ஊருக்கு இப்போதே பயன்படுகிறோம்' என்று கீழே எழுதினேன்.

தோண்டிய இடத்தின் பின்பக்கத்தில் ஓர் ஒழுங்கை, ஒடுக்கமான சிறு தெரு. பதினான்கு வீடுகள். நாலாவது வீட்டில் ஒரு அக்கா இடியப்பம் அவித்து நகரத்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். ஐம்பது வயதிருக்கும். கணவர் போரில் காணாமல் போனவர். இரண்டு பெண் பிள்ளைகளையும் அந்த இடியப்பத்தில்தான் படிக்க வைத்திருந்தார். எங்கள் வேலையாட்களுக்கும் காலைச் சாப்பாடு அங்கிருந்து வந்தது. ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை, இடியப்பப் பெட்டியோடு ஒரு செம்பையும் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"பிள்ளை, உதைக் குடிச்சுப் பாருங்கோ."

குடித்தேன். நாக்கில் உப்பு ஒட்டியது. கடல் நீரின் கரிப்பு இல்லை. ஆனால் இது குடிக்கிற தண்ணீர் இல்லை என்று உடம்பு உடனே சொல்லிவிட்டது.

"எங்கடை கிணறு. போன கிழமையிலை இருந்து இப்பிடித்தான். மா குழைச்சால் பதம் வருதில்லை. தேத்தண்ணி வைச்சால் பிள்ளையள் துப்புதுகள்."

பக்கத்தில் கொந்தராத்துக்காரரின் இஞ்சினியர் நின்றார். உடுவில் பக்கத்து இளைஞர். தண்ணீர் இறைக்கும் வேலை அவருடைய பொறுப்பு. "அக்கா, இது கோடை. கோடைக்கு எல்லாக் கிணறும் கொஞ்சம் கரிக்கும். மாரி வர எல்லாம் சரியாகும்" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, நான் கலியாணம் கட்டி வந்த நாளிலை இருந்து எல்லாக் கோடையும் அந்தக் கிணத்திலைதான் அள்ளினனான். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து பாக்க வீட்டிலை கூரையில்லை, கதவில்லை, யன்னல் இல்லை. கிணத்துத் தண்ணி மட்டும் விட்டிட்டுப் போன மாதிரியே இருந்தது. கோடையைப் பற்றி எனக்குச் சொல்லாதேங்கோ."

செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் குழியின் விளிம்புக்குப் போய் நின்றேன். கீழே நான்கு பம்புகளும் ஓடிக்கொண்டிருந்தன.

குடாநாட்டின் நிலத்துக்குக் கீழே நடப்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய விஷயம். மழைத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல் நீரின் மேல் மிதக்கிறது. மேலே இருக்கும் நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறும். நாங்கள் நாள் முழுக்க இறைத்து ஏரியில் விட்டுக்கொண்டிருந்தது அந்த ஒழுங்கையின் குடிநீரை. அதைப் படம் எடுத்துச் சேருக்கு அனுப்பியவளும் நான்தான்.

அன்று மதியமே சேரோடு தொலைபேசியில் கதைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஒரு கிணறு உப்பானதற்கு நூறு காரணம் இருக்கும். நீ கட்டடக் கலைஞர், நிலத்தடி நீர் ஆராய்ச்சியாளர் இல்லை. அறிக்கை இருக்கிறது, அனுமதி இருக்கிறது. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு கட்டடத்தை மாற்ற முடியாது."

"அப்படியென்றால் எத்தனை செம்பு குடிக்க வேண்டும், சேர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் தொலைபேசியை வைத்தார்.

அந்தக் கேள்வியைக் கோபத்தில் கேட்டிருந்தாலும், பஸ்ஸில் வீடு திரும்பும்போது அதையே செய்வதென்று முடிவு செய்தேன். தண்ணீரில் உள்ள உப்பை அளக்க, பேனை அளவில் ஒரு கருவி இருக்கிறது. கொழும்பிலிருந்து வரவழைத்தேன். மறுவாரம் திங்கட்கிழமையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, வேலை தொடங்குவதற்கு முன் ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாகப் போனேன்.

எல்லா வீட்டிலும் வரவேற்பு இருக்கவில்லை. முதல் வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற அதிபர். படலையைப் பாதி திறந்துகொண்டு, "நீங்கள்தானே உதைக் கட்டுறியள்? பிறகென்ன அளக்கிறியள்?" என்று கேட்டார்.

"ஓம், நான்தான் கட்டுறன். அதாலைதான் அளக்க வந்தனான்."

வாளியைத் தானே இறக்கி அள்ளித் தந்தார். "எழுதுங்கோ. ஆனால் எனக்கும் ஒரு பிரதி தாங்கோ" என்றார். தினமும் ஒரு பிரதி கொடுத்தேன். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். இன்னொரு வீட்டில் அளக்க விட்டார்கள், ஆனால் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. இடியப்பக்கார அக்கா தன் கிணற்றடியில் எனக்காக ஒரு வாளியை அள்ளித் தயாராக வைத்திருப்பார். நான் எழுதி முடிக்கும்வரை நின்று பார்ப்பார். ஆறுதலாகவும் ஒன்றும் சொன்னதில்லை, குறையாகவும் சொன்னதில்லை.

அளந்தது மட்டும் போதாது. பம்புகள் எந்த நாளில் எத்தனை மணி நேரம் ஓடின என்ற விவரமும் வேண்டும். அந்தப் பதிவேடு உடுவில் இஞ்சினியரிடம் இருந்தது. கேட்டேன்.

"மிஸ், அதைத் தர ஏலாது. என்ரை வேலை போயிடும்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. நான்கு நாட்கள் கழித்து, காலையில் நான் மூன்றாவது வீட்டுக் கிணற்றடியில் குனிந்திருக்க, பின்னால் ஆள் அரவம் கேட்டது. அவர்தான். கையில் பதிவேட்டின் நகல்.

"எங்கடை வீட்டிலை வெங்காயம் வைக்கிறவை, மிஸ். அப்பு காலத்திலை பக்கத்துக் காணிக்காரன் ஆழக் குழாய்க்கிணறு அடிச்சு இறைக்க, எங்கடை கிணறு கரிச்சுப்போச்சு. ரெண்டு போகம் நாத்துக் கருகினது. எனக்குத் தெரியும் இது என்னெண்டு. அண்டைக்கு அக்காவுக்குத் தெரிஞ்சுகொண்டுதான் பொய் சொன்னனான்."

நகலைத் தந்துவிட்டு நின்றார். "நாளைக்கு அந்தப் பக்கத்து ஏழு வீட்டையும் நான் அளக்கிறன். உங்களுக்கு நேரம் மிஞ்சும்."

சோர்ந்துபோயிருந்த என் மனம் அன்றுதான் கொஞ்சம் நிமிர்ந்தது. ஐந்து வாரங்கள் அளந்தோம். வரைபடத்தில் ஒவ்வொரு கிணற்றையும் புள்ளியாகக் குறித்து, உப்பின் அளவை நிறமாகத் தீட்டினேன். எங்கள் குழியைச் சுற்றிச் சிவப்பு, தள்ளிப்போகப் போக மஞ்சள், அதற்கப்பால் பச்சை. பம்பு ஒன்று பழுதாகி இரண்டு நாள் நின்றபோது சிவப்புக் கொஞ்சம் இளகியதும் பதிவில் இருந்தது. அதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை.

ஆனால் குற்றம் கண்டுபிடித்துக் கொடுப்பதோடு என் வேலை முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. குழி வேண்டாம் என்றால் வாகனங்கள் எங்கே நிற்கும்? பெட்டக அறை எங்கே போகும்? பதில் இல்லாமல் போனால், எனக்கு அனுதாபம் காட்டிவிட்டு பம்புகளை ஓடவிடுவார்கள். ஆகவே பின்னேரங்களில், வேலையாட்கள் போன பிறகு, சைட் அலுவலகத்தின் மேசையில் அந்தக் கட்டடத்தைத் திரும்ப வரைந்தேன்.

கீழே போக முடியாததை மேலே தூக்கினேன். முழுக் கட்டடத்தையும் தூண்களின் மேல் ஒரு மாடி உயரத்துக்கு நிறுத்தி, தரையைத் திறந்து விட்டேன். வாகனங்கள் அந்த நிழலில் நிற்கும். வாடிக்கையாளர் மண்டபம் முதலாம் தட்டுக்குப் போனது. வயதானவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் ஏறுவதற்கு மெல்லச் சாயும் அகலமான ஒரு சாய்தளத்தை முகப்போடு சேர்த்து இழுத்தேன். பெட்டக அறையை நடுத் தண்டின் அடியில், தரை மட்டத்திலேயே, லிஃப்ற்றுக்குப் பின்னால், தடித்த சுவர்களுக்குள் வைத்தேன். அத்திவாரத்துக்கு அகலமாகத் தோண்டத் தேவையில்லை. பாறைக்குள் துளையிட்டு, தண்ணீரை நிற்கவிட்டபடியே அடியிலிருந்து கொங்கிறீற்றை நிரப்பி, நிலத்தடித் தூண்களை இறக்கலாம். ஒரு சொட்டும் இறைக்க வேண்டாம். பாரம் தாங்குமா என்ற கணக்கை உடுவில் இஞ்சினியர் போட்டார். பதினொரு தட்டு ஏலாது, ஒன்பதென்றால் தாங்கும் என்றார். ஒன்பது என்று எழுதினேன். எழுதும்போது மனம் வலித்தது. பதினொன்றாக அந்தக் கட்டடத்தின் அளவுகள் மிக அழகாக இருந்தன.

வங்கியின் உயர் அதிகாரிகள் வேலையைப் பார்க்க வரும் நாள் குறிக்கப்பட்டது. அதற்கு முதல் நாள் சேர் வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் அவர் முன்னால் விரித்தேன். கிணற்று வரைபடத்தை நீண்ட நேரம் பார்த்தார். புதிய வரைபடத்தைப் பார்க்கவேயில்லை. சுருட்டி ஓரத்தில் வைத்தார்.

"அனுமதி கிடைத்த கட்டடத்தை, அரைவாசி தோண்டிய பிறகு மாற்றுகிறோம் என்று வாடிக்கையாளரிடம் சொன்னால், முதலில் தவறாக வரைந்தோம் என்று ஒப்புக்கொள்வதாகும்."

"தவறாகத்தான் வரைந்தோம், சேர். நான்தான் வரைந்தேன்."

"நாளைய கூட்டத்தில் நான் பேசுவேன். நீ பேச வேண்டாம்."

அன்று வீட்டில் அம்மா சோறு போட்டு வைத்துக் காத்திருந்தார். வேலையை விட வேண்டி வரலாம் என்று சொன்னேன். "ஏன்?" என்று கேட்டார். சொன்னேன். குழம்பை ஊற்றியபடியே, "உப்பாக்கினது நீங்கள்தானே? பிறகு நீங்கள் கதைக்காமல் ஆர் கதைக்கிறது? சாப்பிடுங்கோ" என்றார். அம்மாவிடம் விஷயம் அவ்வளவுதான்.

மறுநாள் மூன்று அதிகாரிகள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் வங்கியின் பிரதிப் பொது முகாமையாளர், மட்டக்களப்பைச் சேர்ந்த பெண்மணி. சைட் அலுவலகத்தில் உட்கார்ந்ததும் சேர் வேலையின் முன்னேற்றத்தைச் சொல்லத் தொடங்கினார். ஐந்து நிமிடம் கேட்ட அந்த அம்மையார், கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். ஓய்வுபெற்ற அதிபரின் எழுத்து எனக்குத் தெரியும். பதினான்கு வீட்டுக் கையெழுத்தும் இருந்தது.

"இதில் கிணறுகள் உப்பாகிவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்துப் பெண் ஒருவர் தினமும் அளப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள்." என் பக்கம் திரும்பினார். "அது நீங்கள்தானே? இது உண்மையா?"

சேர் என்னைப் பார்த்தார்.

"உண்மை" என்றேன். "எங்கள் குழியால்தான். காட்டுகிறேன்."

வரைபடத்தை விரித்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை. பம்பு நின்ற இரண்டு நாட்களைக் காட்டினேன். பேசி முடியப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தக் கிணறு எவ்வளவு தூரம்?"

"பின்னாலுள்ள ஒழுங்கை. நடக்கிற தூரம்தான்."

எழுந்துவிட்டார். புழுதியிலும் கல்லிலும் குதி உயர்ந்த செருப்போடு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். இடியப்பக்கார அக்கா கைகளில் மாவோடு வெளியே வந்தார். யாரென்று சொன்னேன். கையைக் கழுவிவிட்டு, ஒரு வாளி அள்ளி வைத்தார். அந்த அம்மையார் கையில் ஏந்திக் குடித்தார், ஒரு மிடறுதான். முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினார்.

அக்கா கெஞ்சவுமில்லை, ஏசவுமில்லை. "நான் கட்டடம் வேண்டாமெண்டு சொல்லேல்லை. எனக்கும் உங்கடை பாங்கிலைதான் புத்தகம். பெரிசாக் கட்டுங்கோ, வடிவாக் கட்டுங்கோ. கிணத்தை விட்டிட்டுக் கட்டுங்கோ" என்றார். பிறகு உள்ளே போய், வெளியில் வாங்கிய கான் தண்ணீரில் வைத்த தேத்தண்ணீர் கொண்டு வந்து எல்லோருக்கும் தந்தார். சேருக்கும் தந்தார். அவருக்குத் தமிழ் விளங்காவிட்டாலும், நடந்தது என்னவென்று நன்றாகவே விளங்கியிருந்தது.

பம்புகள் அன்று மதியம் நிறுத்தப்பட்டன. மாற்று வழியைக் காட்ட எங்களுக்கு ஒரு மாதம் தந்தார்கள். அதிகாரிகளின் வாகனம் போனதும், சேர் குழியின் ஓரத்தில் அடுக்கியிருந்த சீமெந்துப் பைகளின் மேல் உட்கார்ந்தார். வேலையிலிருந்து நின்றுவிடச் சொல்லப் போகிறார் என்று எண்ணினேன்.

"நேற்றுக் கொண்டு வந்தாயே, அதை எடு."

எடுத்துக் கொடுத்தேன். மடியில் விரித்து ஒரு மணி நேரம் பார்த்தார். பென்சில் கேட்டார். "ஒன்பது தட்டைத் தூக்குகிற தூணுக்கு இது போதாது. பார்த்தால் கொசுக்கால் மாதிரி இருக்கிறது. பாரம் இருந்தால் பாரம் தெரிய வேண்டும்." என் மெல்லிய இருபத்தெட்டுத் தூண்களை அடித்துவிட்டு, அடியில் ஒடுங்கி மேலே விரியும் பன்னிரண்டு பெரிய தூண்களைப் போட்டார். உண்மையைச் சொன்னால், கட்டடம் எழுந்து நின்றது அந்தப் பென்சில் கோடுகளால்தான். நான் செய்தது அதை நிலத்திலிருந்து தூக்கியது மட்டும்தான். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கொழும்புக்குத் திரும்பும்போது, "இனி என்னிடம் கேட்காமல் எதையும் அளக்காதே" என்றார். "கேட்டால் விடுவீர்களா?" என்றேன். "விடுவேன்" என்றார்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் சுலபமாக இருக்கவில்லை. தோண்டிய குழியை, அதிலிருந்து எடுத்த சுண்ணாம்புக்கல்லாலேயே நிரப்பினோம். மாதக்கணக்காக உடைத்து வெளியே எடுத்ததைத் திரும்பப் போடும்போது வேலையாட்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. துளையிட்டு இறக்கிய நிலத்தடித் தூண்களில் ஏழாவது தூண் எங்களைப் பாடாய்ப்படுத்தியது. மூன்று லொறி கொங்கிறீற்றை ஊற்றியும் துளை நிரம்பவில்லை. பாறைக்குள் எங்கேயோ ஒரு குகை அதை விழுங்கிக்கொண்டிருந்தது. இஞ்சினியர் வேலையை நிறுத்தி, மீதித் துளைகள் எல்லாவற்றிலும் முதலில் மெல்லிய கம்பியால் ஆழம் பார்க்க வைத்தார். இன்னும் இரண்டு குகைகள் அகப்பட்டன. ஏழாவது தூணின் இடத்தை மாற்றினோம். அதற்காக மேலே ஒன்பது தட்டின் கட்டங்களையும் ஒரு சாண் நகர்த்த வேண்டியிருந்தது. அத்தனையையும் திரும்ப வரைந்தேன். அந்த மாதத்தில் நான் எத்தனை பென்சில் சீவினேன் என்று தெரியாது.

கிணறுகளின் சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒழுங்கைக்குத் தினமும் ஒரு பவுசர் லொறியில் குடிதண்ணீர் அனுப்ப வங்கி ஒப்புக்கொண்டது. முதல் மாரி முடிய, தள்ளியிருந்த வீடுகளில் தண்ணீர் பழைய நிலைக்கு வந்தது. அக்காவின் கிணறு இரண்டாவது மாரிக்குப் பிறகுதான் மாக் குழைக்கிற பதத்துக்கு வந்தது. கடல்நீரேரிப் பக்கமிருந்த கடைசி இரண்டு கிணறுகளும், ஏரியின் உப்பு உள்ளே இழுபட்டதால், திருந்தவேயில்லை. அந்த இரண்டு வீட்டுக்காரரும் இன்றைக்கும் குடிக்கத் தண்ணீர் வெளியிலிருந்துதான் எடுக்கிறார்கள். நான் போய்ச் சொன்னேன், எங்கள் வேலையால்தான் இது என்று. ஒருவர் "சரி" என்றார். மற்றவர் என்னோடு கதைப்பதில்லை. அது அவருடைய நியாயம்.

கட்டடம் முடிந்து சாரங்களைக் கழற்றியபோது ஊர் வந்து பார்த்தது. எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எப்ப பூசுவியள்?" பூசப்போவதில்லை, இதுதான் முடிவான தோற்றம் என்று சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துவிட்டது. ஒரு ஓட்டோச் சாரதி, "காசு முடிஞ்சுபோச்சுப் போல" என்று என் காதுபடவே சொன்னார். ஆனால் பின்னேரம் நான்கு மணிக்கு மேற்குப் பக்கம் போய் நின்றால் தெரியும். வெயில் தகடுகளில் பட்டு நீளமான நிழல்களாக விழும். கொங்கிறீற்றில் பதிந்த மரக்கோடுகள் ஒவ்வொன்றும் எழும்பித் தெரியும். உள்ளே ஊழியர்கள் யன்னல் சீலையை இழுக்காமல் வேலை செய்வார்கள். முதலாம் தட்டு மண்டபத்தில் காத்திருக்கிற சனம் கடல்நீரேரிக் காற்றுக்கு மின்விசிறியை மறந்துவிடும்.

திறப்பு விழாக் கல்லில் என் பெயர் இல்லை. சேரின் பெயர் இருக்கிறது, வங்கித் தலைவரின் பெயர் இருக்கிறது. எனக்கு அதில் குறையில்லை. எனக்குக் குறையாக இருந்தது வேறு. திறந்து மூன்று மாதத்தில், தூண்களுக்கு நடுவிலிருந்த திறந்த தரையைச் சுற்றிச் சங்கிலி போட்டு, வங்கி வாகனங்களுக்கு மட்டும் ஒதுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் அந்த நிழல் ஊருக்குப் பழகிவிட்டிருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அங்கே நின்றார்கள். பென்சன் எடுக்க வரும் முதியவர்கள் ஒரு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மழை வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிள்களோடு உள்ளே ஓடி வந்தார்கள். பிரதிப் பொது முகாமையாளருக்கு எழுதினேன். பதில் வராததால் இரண்டாவது தடவை எழுதினேன். மூன்றாவது தடவை எழுதாமல் நேரில் கொழும்புக்குப் போய் அவருடைய அறைக்கு வெளியே உட்கார்ந்தேன். மதியத்துக்குப் பிறகு கூப்பிட்டார். பாதுகாப்பு, வாகனங்கள், குப்பை என்று அவரும் நிறையச் சொன்னார். கடைசியில் வீதிப் பக்கத்து அரைவாசி வங்கி நேரம் முழுக்கத் திறந்திருக்கும், மற்ற அரைவாசி வாகனங்களுக்கு என்று முடிந்தது. முழுவதும் கேட்டுப் போய் அரைவாசியோடு வந்தேன். அடுத்த தடவை மிச்சத்தைக் கேட்பேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள், வேலை அலுவலாக யாழ்ப்பாணம் போயிருந்தபோது அடை மழை பிடித்தது. ஓடிப்போய்த் தூண்களுக்குள் நின்றேன். நாற்பது ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். ஒரு தாய் பிள்ளையின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிளாஸ்ரிக் சாமான் விற்பவர் தன் சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டு வாளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நேரம் வங்கி மூடும் நேரத்தைத் தாண்டிவிட்டது. காவலாளி சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு சனத்தைப் பார்த்தபடி நின்றார். என்னை அவருக்குத் தெரியாது.

"அம்மா, பூட்டுற நேரம். எல்லாரும் வெளிக்கிட வேணும்" என்றார்.

"மழை விடட்டும், அண்ணை" என்றேன்.

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். மழை இன்னும் இறுகிக்கொண்டிருந்தது. சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.